சாத்தமுதும் மூன்று புள்ளிகளும்

கனவில் வந்து சொன்னார், காற்றில் குரல் கேட்டது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்துகிறவள். உள்ளே என்ன போட்டோமோ அதுதான் வெளியே வரும் என்பது மட்டுமே என் பக்தி. நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

வைதேகியும் நானும் ஸ்கூல் நாளிலிருந்து சிநேகிதிகள். அவள் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, நான் உறையூர். ஐம்பதைத் தாண்டியபிறகு இருவரும் சேர்ந்து ஒரு சமையல் வலைத்தளம் தொடங்கினோம். சமைப்பது, போட்டோ எடுப்பது, எழுதுவது எல்லாம் அவள், மற்றதெல்லாம் நான். அந்த மற்றதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. வலைத்தளத்தில் ஒரு பதிவு போட்டால் அதன் தலைப்பு, சுருக்கம், எழுதியவர் பெயர் எல்லாம் ஃபீட் என்ற ஒன்றில் தானாகவே ஏறிக்கொள்ளும். மனிதர்கள் படிக்க அல்ல, மற்ற புரோகிராம்கள் படிக்க. நான் எழுதிய புரோகிராம் அந்த ஃபீடைப் படித்து, தலைப்பைப் பெரிதாகவும் சுருக்கத்தை அடியில் சிறிதாகவும் சாப்பாட்டுப் படத்தின் மேலேயே எழுதி, சமூக வலைத்தளத்தில் எங்கள் பக்கத்தில் போட்டுவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஃபீடில் இல்லாத ஓர் எழுத்தைக்கூட அதனால் எழுத முடியாது.

இதில் எங்களுக்குள் இரண்டு சண்டை. ஒன்று, ரசம். அவர்கள் வீட்டில் அதற்குச் சாத்தமுது என்று பெயர். தேடுகிறவர்கள் ரசம் என்றுதானே தேடுவார்கள் என்று தலைப்பை ஒவ்வொரு தடவையும் நான் மாற்றிவிடுவேன். "ரசம்னா ஹோட்டல் டம்ளர்தான் ஞாபகம் வர்றது. சாத்தமுதுன்னு போட்டா ஒனக்கென்னடி சரசு குறைஞ்சுடும்?" என்று அன்று முழுக்க முறைத்துக்கொண்டிருப்பாள்.

இன்னொன்று, வெட்டு. சுருக்கம் நீண்டுபோனால் படத்தில் இடம் கொள்ளாது என்று, ஓர் அளவுக்கு மேல் போனதை வெட்டி மூன்று புள்ளி வைக்கும்படி செய்திருந்தேன். இங்கிலீஷுக்கு வைத்த கணக்கு அது. 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடத் தனியாக எண்ணும். அதனால் வைதேகியின் வாக்கியங்கள் பாதியிலேயே அறுந்துபோகும். அவளோ பேச ஆரம்பித்தால் ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் வரைக்கும் நிறுத்தாமல் பேசிக்கொண்டு வருகிறவள். என் வாயை மூடுவதற்கென்றே புரோகிராம் எழுதியிருக்கிறாய் என்பாள். சரி பண்ணுகிறேன், சரி பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் அவள் பெண் மைதிலிதான் அம்மாவின் சமையலை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துப் பதிவு போடுகிறாள். அம்மாவின் வார்த்தைகளை விட்டுவிட்டு, ஆன்ட்டிக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று ரசம் என்றே எழுதுவாள். சண்டையில் ஜெயித்துவிட்டேன் பாருங்கள், முறைக்கத்தான் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தலைசுற்றல். மன்னார்புரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறது, உப்பைக் குறை, மாத்திரையை விடாமல் போடு, விட்டால் பக்கவாதம் வரும் என்று பயமுறுத்தி அனுப்பினார். மாத்திரையை வாங்கி வந்து மேஜை டிராயரில் போட்டதோடு சரி. தனியாக இருக்கிறவள், யாருக்காகப் போட்டுக்கொள்வது? தினம் போனில் திட்டுவதற்கு ஒருத்தி இருந்தாள், அவளும் இல்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில் நேரம். தட்டில் தயிர்சாதமும் மாவடுவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைதிலி பதிவு போட்டிருக்கிறாள் என்று போன் சத்தம் கொடுத்தது. திறந்தேன். ஈயச் சொம்பு, நுரை கட்டிய ரசம். மேலே பெரிதாக 'தக்காளி சாத்தமுது' என்று இருந்தது. பரவாயில்லையே, பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே அடியில் பார்த்தேன்.

'சரசு, உப்பு பாதி போதும்டி. மாத்திரையை டிராயர்ல தூங்கவிடாதே. இன்னும் ஒண்ணு சொல்லணும், நீ...'

தட்டைத் தள்ளிவிட்டேன், மாவடு தரையில் உருண்டது. மைதிலியைப் போனில் கூப்பிட்டேன். "நான் ரசம்னுதான் போட்டேன் ஆன்ட்டி" என்றாள். ஃபீடைத் திறந்து பார்த்தேன். தலைப்பு, தக்காளி ரசம். சுருக்கம், பத்து நிமிடத்தில் எளிய ரசம். அதே ஃபீடை வைத்து புரோகிராமை மறுபடி ஓட்டினேன், ரசம் என்று சமர்த்தாக எழுதியது. யாராவது புரோகிராமுக்குள் புகுந்து மாற்றியிருப்பார்கள் என்பீர்கள். நானும் அப்படித்தான் தேடினேன். புகுந்தவனுக்கு என் டிராயர் எப்படித் தெரியும்?

அதற்குள் மைதிலியும் படத்தைப் பார்த்துவிட்டாள். அடிவரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் மெதுவாக, "என்ன மாத்திரை ஆன்ட்டி?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் பஸ் பிடித்து வந்துவிட்டாள், டிபன் கேரியரில் உப்புக் குறைத்த ரசத்தோடு. மாத்திரையை நான் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள். "அம்மா சொன்னதைத்தான் நீங்க கேட்டதே இல்லை. இதையாவது கேளுங்கோ" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். ரசம் சப்பென்றுதான் இருந்தது, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை.

அந்தப் படம் இன்னும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. நிஜமாகவே உப்பு பாதி போதுமா என்று கீழே யாரோ சந்தேகம்கூடக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பெல்லாம் இப்போது சாத்தமுதுதான். வெட்டுகிற கணக்கையும் எடுத்துவிட்டேன், எவ்வளவு நீளமாக எழுதினாலும் முழுக்க வரும். மைதிலி பதிவு போடும்போதெல்லாம் முதலில் அடிவரியைத்தான் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை.

ஆனால் அந்த மூன்று புள்ளியை என் புரோகிராம் சும்மா வைக்காது. மேற்கொண்டு எழுத்து இருந்தால்தான் வைக்கும். அவள் சொல்லி முடித்துவிட்டாள், வெட்டியது நான்.