படகில் நான் சொன்ன ‘விடு’

இன்று காலைப் பந்தயத்தில் சேகரின் இரண்டு விரல்கள் உடைந்தன. காரணம், நான் சொன்ன ஒரே ஒரு சொல்.

பாய்மரப் படகில் நாங்கள் ஆறு பேர். கயிற்றைத் தளர்த்த வேண்டுமென்றால் கேப்டன் ‘ஈஸ்’ என்பார், மலாய் நண்பர்கள் ‘லெபாஸ்’ என்பார்கள். தமிழர்கள் நானும் பாலோவிலிருந்து வரும் சேகரும் மட்டுந்தான்.

ஜொகூர் நீரிணையில் திடீரென்று காற்று பலமாக அடித்தது. சேகர் முன்பாயின் கயிற்றில் கை வைத்தபடி, தளர்த்தலாமா என்று என்னைப் பார்த்தான்.

பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது. “விடுடா, விடு.”

நான் கயிற்றை விடச் சொன்னேன். அவனோ ‘தொடாதே, அப்படியே விடு’ என்று புரிந்துகொண்டு கையை எடுத்துவிட்டான். கயிற்றை இழுத்து இறுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றிப் பூட்டியிருந்ததால், கயிறு தளராமல் அப்படியே இறுகி நின்றது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவசரமாகத் திரும்பப் பிடித்தவனின் விரல்கள் கயிற்றுக்கும் வின்ச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன.

கிளினிக்கிலிருந்து கட்டோடு வெளியே வந்தவன், “நீங்கதானண்ணே விடச் சொன்னீங்க” என்றான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“சோரி லா. அடுத்த ரேஸ் தியோமான் தீவு வரைக்கும் போகுது. கை ஆறிட்டா வருவேல்ல?”

விரலில் போட்ட கட்டைப் பார்த்தபடி சொன்னான்: “விடுங்கண்ணே.”

வீடு திரும்பும் சிகாமட் பஸ்ஸில் உட்கார்ந்து இதையேதான் யோசித்துக்கொண்டு வருகிறேன். நடந்ததை விடச் சொன்னானா, அவனையே விட்டுவிடச் சொன்னானா?

தமிழ் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்றுதான் காலைவரை நினைத்திருந்தேன்.