பன்னிரண்டு மணி ஓட்டம்

கேதீஸ்வரிக்குப் பொன்னாடை என்றாலே அருவருப்பு. உடற்கல்வி ஆசிரியையான நாளிலிருந்து அவள் பிள்ளைகளை ஓடவிட்டதைவிட, யாரோ ஒருவர் வந்து பொன்னாடை போர்த்திக்கொள்வதற்காக வரிசையில் நிறுத்திவைத்ததுதான் அதிகம். தொண்டைமானாற்றில் பிறந்து, மாகாண மட்டத்தில் எண்ணூறு மீற்றர் ஓடிப் பதக்கம் எடுத்தவள். அரியாலையில் ஒரு ஆரம்பப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தபின் அவளுடைய பாடவேளையில் பாதியை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு விழுங்கிவிட்டது.

அங்கே வருகிற பிள்ளைகளைப் பார்த்தாலும் அவளுக்கு வயிறு எரியும். வீடு கூப்பிடு தூரத்தில்தான். ஆனாலும் தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்குவான், புத்தகப் பையைத் தாய் சுமப்பாள். பின்னேரம் ரியூசன், அது முடிய இன்னொரு ரியூசன், வீட்டுக்குப் போனால் போன். ஒன்பது வயதுப் பிள்ளை மாடிப்படி ஏறிவந்து கதிரையைப் பிடித்தபடி மூச்சு வாங்கும். "பிள்ளை படிச்சுக் களைச்சுப் போச்சு" என்று தாய்மார் அதையும் பெருமையாகவே சொல்வார்கள்.

போன தை மாதம் பாடசாலை அதிபர் சிவரூபனை நச்சரித்து, காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு கால்மணி நேரம் வாங்கினாள். போட்டி கிடையாது, முதலாமிடமும் கிடையாது. பள்ளிக்கூட வாசலிலிருந்து கடனீரேரிக் கரைவரை போய்த் திரும்பவேண்டும், அவ்வளவுதான். இயலாதவர்கள் நடக்கலாம். நான்காம் வகுப்புக் கீர்த்திகா முதல் நாள் மதகடியிலேயே குந்திவிட்டாள். கொழுத்த பிள்ளை. வகுப்பில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரைச் சொல்ல வாய் கூசும். கேதீஸ்வரி அவளோடு கூடவே நடந்தாள். மாசி முடியமுன் கீர்த்திகா கரைவரை ஓடினாள். எல்லாருக்கும் கடைசியாகத்தான், ஆனால் வாயெல்லாம் பல்லாக. இந்தப் பிள்ளை இனி ஓட்டத்தை விடக்கூடாது என்பது கேதீஸ்வரிக்குப் பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

லண்டனில் இருக்கும் பழைய மாணவர் றஞ்சித் இதைக் கேள்விப்பட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுக்கொண்டு ஓட ரீசேட் அனுப்பினார். தானும் வருவதாகச் சொன்னார். பிடித்தது சனியன். இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு 'ஓட்டத் திட்ட அங்குரார்ப்பண விழா' என்று பந்தல் போட்டார்கள்.

விழாவுக்கு முதல் நாள் அதிபர் கேதீஸ்வரியைக் கூப்பிட்டார். "கீர்த்திகாவையும் அவளைப்போலை ரெண்டு மூண்டு பேரையும் ஓட விடாதையுங்கோ ரீச்சர். ஆரத்தித் தட்டோடை நிக்கட்டும். படத்திலை வடிவா இருக்காது."

"அவைக்காகத்தானே சேர் இதைத் தொடங்கினது?"

"விளங்குது ரீச்சர். ஒரு நாள்தானே."

விழா வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு வரவேண்டிய றஞ்சித், கோயில், சொந்தக்காரர் வீடு என்று சுற்றி வந்துசேரப் பத்தரை கடந்து, ராகு காலமும் பிறந்துவிட்டது. அதிபர் மணிக்கூட்டைப் பார்த்துப் பதறினார். "ராகு காலத்திலை தொடங்கேலாது. விளக்கேத்துறதும் ஓட்டமும் பன்னிரண்டுக்குப் பிறகு. அதுவரைக்கும் பேச்சுகளை நடத்துவம்."

பந்தலில் இருந்த படித்த மனிதர் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. அவர்களுக்கு மின்விசிறி சுழன்றது. பிள்ளைகள் வெளியே பங்குனி வெயிலில், புது ரீசேட்டோடு வரிசையில் நின்றார்கள். வயிறு மேசையில் இடிக்க நின்ற ஒருவர், சோடாவை உறிஞ்சி உறிஞ்சி ஆரோக்கியமான சமுதாயம் பற்றி முழங்கினார். கேதீஸ்வரி வாளியில் தண்ணீர் கொண்டுபோனாள். "வரிசை குழம்பும் ரீச்சர்" என்று மறித்தார்கள். அந்தத் தண்ணீரை மேடையிலே ஊற்றவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

பன்னிரண்டு கழிந்ததும் றஞ்சித் கொடியை அசைத்தார். மதகைத் தாண்டமுன்னரே ஒரு பொடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். அடுத்தடுத்து இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அம்புலன்ஸ் வந்தது. பந்தலுக்குள் பொன்னாடை போர்த்துவது மட்டும் நிற்கவில்லை.

நல்ல காலம், பிள்ளைகள் அன்று பின்னேரமே எழும்பிவிட்டார்கள். ஆனால் திங்கட்கிழமை அதிபரின் அறை வாசலில் பெற்றோர் கூட்டம். ராகு காலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, வெயிலைப் பற்றியும் கேட்கவில்லை. ஓட்டம் பிள்ளைகளுக்கு ஆகாது என்றுதான் எல்லாரும் முடிவு கட்டினார்கள். கால்மணி நேரமும் புலமைப்பரிசிலுக்குப் போயிற்று. கீர்த்திகாவின் தாய் கேதீஸ்வரியின் கையைப் பிடித்து, "என்ரை பிள்ளை தட்டோடை நிண்டதாலை தப்பிச்சுது ரீச்சர்" என்று கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள்.

சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை அதிபர் பிள்ளைகளுக்கு ரீசேட்டைப் போடச் சொன்னார். றஞ்சித் மாதாமாதம் படம் கேட்கிறாராம். "எல்லாரும் ஒரு காலைத் தூக்கி, கையை மடக்கிக்கொண்டு நில்லுங்கோ. ஓடுறமாதிரி. அசையக்கூடாது. கீர்த்திகா, நீ முன்னுக்கு வா. கொழுத்த பிள்ளையளும் ஓடுகினம் எண்டு அவருக்குத் தெரியட்டும்."

கீர்த்திகா முன்னுக்குப் போய் ஒரு காலைத் தூக்கினாள். அதிபர் போனில் படம் எடுக்கும்வரை மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

படம் எடுத்து முடிந்ததும் பிள்ளை கேதீஸ்வரியிடம் நடந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ரீச்சர், இண்டைக்கு நான் ஒருத்தருக்கும் பின்னாலை இல்லை, என்ன?"

"ஓம் பிள்ளை" என்றாள் கேதீஸ்வரி. அதைச் சொன்ன தன் வாயே அவளுக்கு அருவருத்தது.