ஒயர்மேன் அண்ணனின் பட்டாணி

எந்த ஒயரையும் வெட்டுவதற்கு முன்னால் எங்கள் ஒயர்மேன் அண்ணன் அதனிடம் விசாரணை நடத்துவார். "நீ யாரு? எங்கேர்ந்து வர்றே? எந்த வீட்டுக்குப் போறே?" டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், சுவரில் காதை வைப்பார், மூன்று மாடி ஏறி இறங்குவார். பதில் சொல்லாத ஒயருக்கு ஒரு அட்டைத் துண்டைக் கட்டிவிடுவார். அதில் பென்சிலால், "உயிர் இருக்கலாம். வெட்டாதே." கீழே மறுபடி பார்க்க வேண்டிய நாள். அதற்கும் கீழே வீட்டுக்காரர் கையெழுத்து. எங்கள் குடியிருப்பில் அப்படி நாலாயிரம் அட்டை தொங்குகிறது.

நான் சொல்வதெல்லாம் சத்தியமாக நடந்தது. ஆனால் நான் பெயிண்டர். நடந்தது முதல் கோட். பளபளப்புக்கு இரண்டாவது கோட் அடிக்காமல் எனக்குக் கை நிற்காது. நாலாயிரம் இல்லை, நாற்பது.

அவரும் ஒரு காலத்தில் கண்டதையும் வெட்டிப் போட்டவர்தான். மூன்றாம் மாடி நடையில் யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு ஒயர் தொங்கியது. ஒரே வெட்டு. அது தையல்காரம்மா வீட்டு அழைப்பு மணிக்குப் போகிற ஒயர். வந்தவர்கள் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மெஷின் சத்தத்தில் கதவு தட்டியதும் அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. நாலாம் நாள் படிக்கட்டில் இவரைப் பார்த்து, "என் தையல் யாருக்கும் பிடிக்காமப் போச்சு போல தம்பி, ஒருத்தரும் வரல" என்றார். இதில் இரண்டாவது கோட் கிடையாது. அன்று மாலைதான் அண்ணன் முதல் அட்டையை வெட்டினார்.

அப்படிப்பட்ட மனிதரின் வயிற்றிலேயே ஊர் பேர் தெரியாத ஒன்று குடியிருந்தது. வெறும் வயிற்றில் நாளுக்குப் பதினான்கு டீ குடிக்கிறவர். நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்று போனார். குழாயை விட்டுப் பார்த்த டாக்டரம்மா, இரைப்பைச் சுவரில் சின்ன மேடு, நடுவில் ஒரு குழி என்றார். எலுமிச்சம்பழம் அளவு என்று குடியிருப்பு முழுக்கச் சொன்னது நான்தான். ரிப்போர்ட்டில் எட்டு மில்லிமீட்டர். பட்டாணி.

என் எலுமிச்சம்பழம் அண்ணியின் காதுக்கும் போய்விட்டது. அண்ணியின் கூடப்பிறந்த அண்ணனுக்கு, "சின்னக் கட்டிதான், ஒண்ணுமில்ல" என்று டாக்டர்கள் சொன்ன எட்டாம் மாதம் ஆளே இல்லை. எலுமிச்சம்பழம் காதில் விழுந்ததிலிருந்து அண்ணி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, எதற்குப் பற்ற வைத்தோம் என்று நிற்பார். நான் ஓடிப்போய், "பட்டாணிதான் அண்ணி, பட்டாணிதான்" என்று சத்தியம் செய்தேன். பெயிண்டர் சத்தியத்தை யார் நம்புவது?

ஊசி போட்டு எடுத்த துணுக்கைச் சோதித்ததில் அது புற்றுநோய் இல்லை, கணையம் என்று வந்தது. கணையம் இரைப்பைக்குப் பின்னால் அதன் இடத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்த ஜாதித் திசு கொஞ்சம், இவர் அம்மா வயிற்றில் உருவாகும்போதே வழி தவறி இரைப்பைச் சுவரில் தங்கிவிட்டதாம். எரிச்சல் டீயால் வந்த புண்.

அண்ணனுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "அது அங்க சும்மா இருக்கா, வேலை பார்க்குதா டாக்டர்?"

"சிலருக்குக் கொஞ்சம் சுரக்கும். பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது."

"அதுக்குன்னு தனி லைன் வருதா, இல்ல பக்கத்து வீட்டுலேர்ந்து எடுத்துக்குதா?"

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். பிறகு, "மாத்திரை சாப்பிட்டு ஆறு வாரம் கழிச்சுப் பார்க்கலாம். மனசு கேக்கலைன்னா எடுத்துடலாம். திங்கட்கிழமை வந்து சொல்லுங்க" என்றார்.

நேற்று மோட்டார் ரூமில் சாப்பாட்டு நேரம். இதையெல்லாம் பிளம்பருக்கும் வாட்ச்மேனுக்கும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கதாநாயகர் பக்கத்திலேயே மென்றுகொண்டிருந்தார். கேரியர் கொண்டுவந்த அண்ணி கதவோரம் நின்றார்.

"ஐம்பத்திரண்டு வருஷமா உள்ள இருக்கு. வாடகைக்கு வந்த மாதிரியா தெரியுது?" என்றார் அண்ணன்.

"எடுத்துடுங்க. எனக்கு நிம்மதி வேணும்" என்றார் அண்ணி.

"வெட்டிட்டு, அப்புறம் எவன் வீட்டு மணி அடிக்கலைன்னு தேடுறது?"

"எங்கண்ணன் போனதுலேர்ந்து எனக்கு எந்த மணியும் கேக்கல. உங்களையும் தேட வைக்காதீங்க."

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார்.

பிளம்பருக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா சொல்றதுதான் சரி. தேவையில்லாத லைனைக் கழட்டி, மூடி போட்டு அடைச்சிடணும்."

"யோவ், சும்மா இருக்கறதை எல்லாம் கழட்டணும்னா மொதல்ல என்னைத்தான்யா கழட்டணும்!" என்று வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உன்னைக் கழட்டினா யாருக்குத் தெரியப்போகுது?"

"நீ அடைச்ச குழாய் இன்னும் ஒழுகுது, நீ வயித்தை அடைக்கிறியா?"

"டேய் பெயிண்டரு, எல்லாம் உன்னாலதான், எலுமிச்சம்பழம்னு கெளப்பி விட்டே!" இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். கரண்டி ஒன்று பறந்தது. சரி, விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். "கணையம். உயிர் உள்ளது. ஆறு வாரம் கழித்துப் பார்க்கவும்" என்று எழுதி, நூலால் தன் மூன்றாவது சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டார். பிறகு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டி, பென்சிலை அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி வெகுநேரம் வாங்கவில்லை. வாங்கியதும் குனிந்து, "ஆறு" என்பதை அடித்துவிட்டு, "மூன்று" என்று எழுதினார்.