தமிழ் தெரியாத மிஸ்

இன்றைக்கு நினைத்தாலும் முகம் சுடுகிறது. ஒரு வருடம் முழுக்க நான் தமிழ் தெரியாதவளாக நடித்தேன்.

அல்சூர் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலம் வராத பிள்ளைகளைத் தினமும் ஒரு பீரியட் தனியாக அழைத்துப் போய்ப் பேசவும் படிக்கவும் பழக்குவது என் வேலை. டீச்சருக்குத் தங்கள் மொழி தெரியும் என்று கண்டுகொண்டால் பிள்ளைகள் ஆங்கிலம் பேச மாட்டார்கள், அதனால் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று கோஆர்டினேட்டர் சொல்லியிருந்தார். மற்ற டீச்சர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிள்ளை அழுதால் கன்னடத்திலோ தமிழிலோ சமாதானம் சொன்னார்கள். நான்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கொள்கை ஒன்றும் இல்லை, பயம். லிங்கராஜபுரத்தில் தமிழ் மட்டுமே பேசும் வீட்டில் வளர்ந்தவள், ஐந்தாவது வரை தமிழ் மீடியம். அது தெரிந்தால் என் ஆங்கிலத்தையும் சந்தேகப்படுவார்களோ என்று உள்ளூர உதறல்.

என்னிடம் வந்தவர்களில் மர்பி டவுனிலிருந்து வரும் ஒரு சிறுமி இருந்தாள். ஆறு வயது. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். ஒருநாள் வயிறு வலிக்கிறது என்று தமிழில் சொன்னாள். "இன் இங்கிலீஷ்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். மகா வைராக்கியக்காரி நான்.

அரையாண்டு முடிந்து பெற்றோர் கூட்டம் வந்தது. அவளுடைய அம்மா ஒரு அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர். சீருடையோடு, அரைநாள் ரஜா போட்டு வந்திருந்தார். பக்கத்து மேஜையில் கோஆர்டினேட்டர். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பிள்ளை பேசுவதே இல்லை, படிக்கத் திணறுகிறாள், இப்படியே போனால் மறுபடியும் ஒன்றாம் வகுப்புதான், வீட்டில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

அம்மா மகளைப் பார்த்தார். "இன்னா பாப்பா சொல்றாங்க மிஸ்ஸு?"

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா படிக்கிறேன்னு சொல்றாங்கம்மா" என்றாள்.

அந்த அம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். ஒரு வாக்கியம் தமிழில் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "தேங்க்ஸ் மிஸ்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் சிரித்து வழியனுப்பினேன். போதாக்குறைக்கு ஸ்டாஃப் ரூமில் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மார்ச்சில் முடிவு சொன்னார்கள். எங்கள் பள்ளியில் பிள்ளையை நிறுத்தி வைத்தோம் என்று சொல்வதில்லை. அதே வகுப்பில் வைக்கும்படி பெற்றோரே கேட்டுக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாராக இருக்கும், கையெழுத்து மட்டும் வாங்குவோம். வாங்க வேண்டியவள் நான்.

அம்மா வந்தார். ஆபீஸ் ஆயா கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மகள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கி நல்லா படிக்கிறேன்னு தானே சொன்ன? பொய்யா? மிஸ்ஸு சொன்னத மறைச்சியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா கை ஓங்கினார்.

"அடிக்காதீங்கம்மா" என்றேன். தமிழில்தான். தானாக வந்துவிட்டது.

ஓங்கிய கை இறங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குத் தமிழ் வருமா?"

"வரும்மா."

"அப்ப அன்னிக்கி இவ சொன்னது புரிஞ்சுதா?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. "புரிஞ்சுது" என்றேன்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க வைத்திருக்கக் கூடிய மூன்று மாதங்கள். அவரும் அதைத்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பிறகு, சத்தம் போடாமல், மரியாதை குறையாமலே கேட்டார்.

"இது சின்ன புள்ள, அடி வாங்குவோம்னு பயந்து பொய் சொல்லிச்சு. நீங்க எதுக்கு மிஸ் பயந்தீங்க?"

நான் கடிதத்தை அவர் பக்கம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, கன்னடத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார்.