செல்வராசு நோட்டில் பதினேழு பருந்து

பருந்து எண்ணும் வேலையில் பெரும்பகுதி, பருந்தே இல்லாத வானத்தைப் பார்ப்பதுதான். மழைக்கு அண்ணாந்தும் வராத பஸ்ஸுக்கு எட்டிப் பார்த்தும் கழுத்துவலி கண்டவர்கள் எல்லோரும் எனக்கு உறவுமுறை. இதை அவர்களுக்காகவே எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. ஒரு பறவை ஆய்வுக்காக, குளிருக்குத் தப்பி வடக்கேயிருந்து வரும் பருந்துகளை எண்ண, ரஞ்சன்குடிக் கோட்டையின் மேல்மதிலில் என்னை உட்காரவைத்தார்கள். கூட்டாளி பூலாம்பாடி செல்வராசு. என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனால் என்னை 'சார்' என்பார். இருவருக்கும் தற்காலிக வேலை.

பெருமாளுக்கு இடமில்லை

எண்ணுவதற்குச் சட்டம் உண்டு. கோட்டைக்குத் தெற்கே ஒற்றைப் பனை ஒன்று நின்றது. வடக்கேயிருந்து வந்து அந்தப் பனையைத் தாண்டினால்தான் ஒன்று. தலைக்கு மேல் எத்தனை வட்டம் அடித்தாலும் பூஜ்யம். மனம் மாறி வடக்கே திரும்பினால் ஒன்றைக் கழிக்க வேண்டும். உள்ளூர்ப் பருந்துக்கு நோட்டில் இடமே கிடையாது.

அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் அஞ்சலை ஒருநாள் மதிலேறி வந்தார். மேலே ஒரு கருடன் போனது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் நோட்டைத் தொடவில்லை. "ஏன் சார் எழுதல?" என்று கேட்டார். கருடன் இங்கேயே குடியிருப்பது, நாங்கள் வழிப்போக்கர்களை மட்டும்தான் எண்ணுவோம் என்று லத்தீன் பெயர் உட்படக் கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெருமாளயே சொமக்குறது அது. அத வுட்டுட்டு ஊரு பேரு தெரியாததையெல்லாம் எழுதுறீங்க. வெளங்குமா இது?"

ஒத்துப்போன நோட்டுகள்

இருபது அடி இடைவெளி விட்டு உட்காருவோம். பேசக் கூடாது, கை காட்டக் கூடாது. எண்ணும் கருவி ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஓர் எண் ஏறும். அது என்னிடம், செல்வராசு நோட்டில் கோடு போடுவார். ஐந்து மணிக்கு இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு. பத்தொன்பது, பத்தொன்பது. இருபது நாளும் இப்படியே.

ஒரே ஏட்டைப் பார்த்து இருவர் எழுதினாலும் பிழைகள் வேறு வேறாகத்தான் விழும் என்று படித்தவன் நான். படிப்பு அன்றைக்கு உதவவில்லை. என் கண்ணுக்குச் சான்றிதழ் கிடைத்ததாக நினைத்துப் பூரித்தேன். செல்வராசு மட்டும் நோட்டை மூடும்போது தினமும் ஒரே வாக்கியம் சொல்வார்: "ஒங்க கணக்கு சரியாத்தான் சார் இருக்கும்."

ஆடு ஏறிய நேரம்

இருபத்தோராம் நாள், பத்திலிருந்து பதினொன்று வரை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சலிப்பில், பாறையேறிக்கொண்டிருந்த அஞ்சலையின் ஆடுகளை எண்ணினேன். பழக்கதோஷம், விரலும் கூடவே அழுத்திவிட்டது. பதினேழு. அதை என் நோட்டில் மறக்காமல் கழித்துக்கொண்டேன்.

மாலையில் செல்வராசு நோட்டைத் திறந்தார். பத்து முதல் பதினொன்று வரை: பூனைப்பருந்து, பதினேழு. முத்து முத்தான கையெழுத்து. பருத்திக்காட்டு வெட்டுக்கிளிக்கு வரும் நீண்ட சிறகுக்காரப் பருந்து அது. அங்கே அதிகம் வருவதும் அதுதான். நான் தூரத்து மெயின்ரோட்டைக் காட்டினேன். "அங்க போறது லாரியா, பஸ்ஸா?" நெடுநேரம் பார்த்தார். பிறகு தலை கவிழ்ந்தது. "எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார்."

தூரம் என்றால்

அவர் முன்பு அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் இருந்தவர். தூசி நெஞ்சில் இறங்கி, இருமலில் ரத்தம் கண்ட பிறகு, இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று இரண்டு மகள்கள் தலையிலும் கைவைக்கச் சொல்லி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார் மனைவி. அடுத்த வாரம் மேலதிகாரி வருவதாக இருந்தது. எண்ணுவதற்கு இரண்டாவது ஆள் வேண்டுமா என்பதை அவர்தான் முடிவுசெய்வார். வேண்டாம் என்றால் மறுபடி குவாரிதான். கண்ணாடி போட்டவனை எவன் பருந்து எண்ண வைப்பான் என்பது செல்வராசுவின் பயம்.

தூரத்தில் இருப்பது எல்லோருக்கும் மங்கலாகத்தான் தெரியும் என்றே அவர் வெகுகாலம் நம்பியிருக்கிறார். "அப்ப, நான் மட்டும் எப்படிப் பேர் சொல்லி எண்ணுறேன்னு நெனச்சீங்க?" என்றேன். "படிச்சவரு, ஒரு குத்துமதிப்பா அடிச்சு வுடுறீங்கன்னு நெனச்சேன் சார்."

மூக்குத்தி

திருச்சிக்கு அனுப்பிவைத்தேன். நான்காம் நாள் கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு, படிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஏறி வந்தார். வந்ததும் அஞ்சலையைப் பார்த்து, "ஏக்கா, நீ மூக்குத்தி போட்டிருக்கியா?" என்றார். "கல்யாணத்துலேருந்து கெடக்குது. ஒனக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?" என்றார் அஞ்சலை.

பிறகு வடக்கே திரும்பினார். ஓர் ஆண் பூனைப்பருந்து மதிலுக்குச் சற்று மேலே தாழ்வாக வந்துகொண்டிருந்தது. சாம்பல் உடம்பு, சிறகு நுனி மட்டும் மையில் தோய்த்தெடுத்ததுபோல் கறுப்பு. நான் கருவியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். அது பனையைத் தாண்டிப் போய்விட்டது. செல்வராசு கோடு போட மறந்து நின்றார். பேசக் கூடாது என்ற சட்டமும் மறந்துபோயிற்று. "தலையக் குனிஞ்சு நம்மளப் பாத்துக்கிட்டே போவுது சார். இத்தினி நாளும் இப்புடித்தான் பாத்துக்கிட்டுப் போயிருக்குமோ?"

ஐந்து அதிகம்

மறுநாளே அதிகாரி வந்தார். அன்று என் நோட்டில் நாற்பத்தொன்று, செல்வராசு நோட்டில் நாற்பத்தாறு. அதிகாரி பின்னால் புரட்டிப் பார்த்தார். "இருபது நாள் அப்படியே ஒத்துப்போகுது. அப்புறம் ஒருநாள் பதினேழு, இன்னைக்கு அஞ்சு வித்தியாசம். யார் தப்பு?" மேற்கோள்களோடு ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமுவதற்குள் செல்வராசு எழுந்துவிட்டார். "முன்னாடி பக்கமெல்லாம் சார் எண்ணுனதுங்க. டிக்குச் சத்தத்தக் கேட்டு நான் எழுதுனேன். கண்ணு தெரியல. இன்னைக்கு எழுதுனதுதான் நான் பாத்தது." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, ஒப்படைப்பவர்போலக் கையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி பழைய பக்கங்களின் குறுக்கே மெதுவாகக் கோடு இழுத்தார். "கண்ணாடியைப் போடுங்க. அந்தப் பனையில என்ன இருக்கு?" செல்வராசு பார்த்தார். "மூணு காக்கா. மட்டை நுனியில ஒரு கரிச்சான்." எனக்குக் காக்கை இரண்டுதான் தெரிந்தது, கரிச்சான் குருவி தெரியவே இல்லை. அதிகாரி பைனாகுலரை எடுத்து, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "இவர் இருக்கட்டும். நீங்க ஒருநாள் திருச்சிக்குப் போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க."

அந்த ஐப்பசியில் எத்தனை பருந்து போயிற்று என்று இப்போதும் யாராவது கேட்டால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவர் நோட்டும் ஒத்துப்போகாத நாட்களின் கணக்கை மட்டும்தான் சொல்கிறேன்.