ஓர் ஆட்டோ போகிற அகலம்

போன வாரம் எங்கள் தெருச் சங்கத்துக்காரர் வீட்டுக்கு வந்து ஒரு ஸ்டிக்கர் கொடுத்துவிட்டுப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு என்பதால் வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலில்தான் வண்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள். இனிமேல் இது ஒட்டிய வண்டிதான் தெருவில் நிற்கலாமாம். பின்பக்கத் தாளை உரித்தேன். பசை வாசனை குப்பென்று வந்தது. வெறும் பசைதான், ஆனாலும் என் மூக்குக்கு அது எனாமல் பெயிண்டும் டர்பன்டைனும் கலந்த வாசனையாகப் பட்டது. உடனே அந்தோணி அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தினமும் செங்கல்பட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ரயிலடி வரைக்கும் மொபெட், அங்கிருந்து காலை ரயில். எனக்கு மொபெட் ஓட்ட வரும், ஸ்டாண்ட் போடத்தான் வராது. காலால் மிதித்து, இடுப்பைக் கொடுத்து இழுத்து, கடைசியில் புடவையை மாட்டிக்கொண்டு நிற்பேன். யாராவது இரக்கப்பட்டுப் போட்டுத் தருவார்கள். ஆள் கிடைக்காத நாளில் சுவரில் சாய்த்துவிட்டு ஓடுவேன்.

ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு ஏழு மணிக்கே நிரம்பிவிடும். மிச்சம் நாற்பது ஐம்பது வண்டியும் பக்கத்துச் சந்தில்தான். காலையில் விட்டுவிட்டுப் போய் சாயங்காலம் எடுத்துக்கொள்வோம். அந்தச் சந்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு உறைத்ததில்லை என்றால் நம்புவீர்களா? கடைசி வீட்டு அம்மா மட்டும் எப்போதாவது, "ஓரமா வுடும்மா, ஆளு போவ வழி வேணாமா" என்பார். சரிக்கா சரிக்கா என்று சொல்லிக்கொண்டே ஓடிவிடுவேன். அவர் பெயர் ஸ்டெல்லா என்பதோ, வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதும் அந்தோணி அண்ணனின் மனைவி என்பதோ எனக்கு அப்போது தெரியாது.

ஒரு திங்கட்கிழமை ரயில் ஊதிவிட்டது. சந்துக்குள்ளே போக நேரமில்லை. சந்தின் வாயிலேயே, பாதி வழியை மறித்த மாதிரி மொபெட்டைக் குறுக்காகச் சாய்த்துப் பூட்டிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் சந்தில் ஒரு வண்டிகூட இல்லை. எல்லாம் எதிரே ரயில்வே மதில் ஓரமாக வரிசையாக நின்றன. டீக்கடைக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். காலையில் அந்தோணி அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. வந்த ஆட்டோ சந்துக்குள் நுழைய முடியவில்லை. கனத்த உடம்புக்காரர், நடத்திக் கூட்டிவரவும் பயம். ஆண்களெல்லாம் வேலைக்குப் போய்விட்ட நேரம். வீட்டிலிருந்த எட்டொன்பது பெண்கள் ஓடிவந்து, பூட்டிக் கிடந்த வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே கொண்டுபோய்ப் போட்டு வழி உண்டாக்கியிருக்கிறார்கள். ஸ்கூட்டரைக்கூட. அண்ணனை ஏற்றி அனுப்பிவிட்டு, சாய்ந்து கிடந்த அத்தனையையும் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கோபத்துக்கு ஒரு டயரைக் கிழித்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டோம். ஒரு கீறல்கூட இல்லை. என் மொபெட் ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நின்றது.

அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டெல்லா அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பிழைத்துக்கொண்டார் என்று அவரே முதலில் சொன்னார்.

"அக்கா, வாயில குறுக்க நின்னது என் வண்டி."

"தெரியும்மா. அதத்தான் மொதல்ல தூக்கனோம்."

சொல்லிவிட்டு, நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். சாப்பிட்டுவிட்டு வந்தேனா என்று கேட்டார். திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன். சாயங்காலம் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் வீடு திரும்பி ஒரு மாதம் ஆன பிறகு, எங்கள் வண்டிகள் நுழையாதபடி சந்தின் வாயில் சங்கிலி போட்டுவிடலாம் என்று அங்கிருந்தவர்கள் பேசினார்கள். நியாயம்தான் என்று நாங்களும் வேறு இடம் தேட ஆரம்பித்தோம். அண்ணன்தான் வேண்டாம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ ஒன்றை வரவழைத்து சந்துக்குள் மெல்ல விடச் சொன்னார். அது போன அகலத்தைக் கணக்கு வைத்து, வாயிலிருந்து கடைசி வரை வெள்ளைக் கோடு போட்டார். மறுநாள் காலையில் பெயிண்ட் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, தினமும் வருகிற எங்கள் வண்டிகளின் மட்கார்டில் ஒவ்வொரு எண் எழுதினார். எண் இருக்கிற வண்டி கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆட்டோ போகிற வழியில், யாருக்கும் இடமில்லை.

இவ்வளவு ஆன பிறகும் எங்களுக்கு எதற்கண்ணா இடம் என்று ஒருவர் கேட்டார்.

"வண்டி இல்லாம நீங்க எப்டிப்பா ரயில புடிப்பீங்க? ஆட்டோ போற வழி இருந்தா எங்களுக்குப் போதும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எழுத்து நடுங்கவில்லை. கோபுரங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனால் வாயடைத்து நின்றது, தரையில் குந்தியிருந்த அந்த மனிதரைப் பார்த்துத்தான்.

வெயிலில் கோடு மங்கும்போதெல்லாம் அண்ணன் புதுசாகப் போடுவார். அவர் போன பிறகு ஸ்டெல்லா அக்கா கொஞ்ச காலம் போட்டார். பிறகு அக்காவும் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். ரோடு போட்டார்கள், கோடு தாருக்கு அடியில் போயிற்று. அதற்கப்புறமும் நாங்கள் பல வருஷம் ஆட்டோ போகிற பக்கம் வண்டி விட்டதில்லை. கோடு இருந்த இடம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆனோம்.

நேற்று அந்த வழியாகப் போனேன். சந்து முழுக்கக் கார்கள். ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே போக முடிகிறது.