வயது பூஜ்யம்

எல்லோரும் வேலை முடிந்ததென்று நிம்மதியாக எழுந்திருக்கும்போது "கொஞ்சம் உட்காருங்கள்" என்று சொல்வதுதான் மென்பொருளைச் சோதிப்பவனின் தொழில். விண்ணப்பம் நிரப்பும்போது 'சரியான எண்ணைக் கொடுக்கவும்' என்று சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. சால்ட் லேக்கில் எங்கள் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் எல்லோருக்கும் நான் தாதா, வங்காளத்தில் அண்ணன் என்று பொருள்.

அரிந்தமின் கணக்கு

பவானிபூரில் ஒரு நர்சிங் ஹோமுக்காக எழுதிய மென்பொருள் அது. நோயாளியின் வயதையும் எடையையும் வைத்து மருந்தின் அளவைச் சொல்லும். எடை தெரியாவிட்டால், அந்த வயதுக்கான சராசரி எடையைத் தானே எடுத்துக்கொள்ளும். வயதுக் கட்டத்தில் முழு எண்தான் போட வேண்டும். நான் பூஜ்யம் போட்டேன். சிவப்பு எழுத்து வந்தது.

எழுதியவன் அரிந்தம். கெட்டிக்காரன், முன்கோபி. "எண்ணுறது ஒண்ணுலதானே தாதா ஆரம்பிக்குது?" என்றான். ஒன்றில் ஆரம்பிப்பவை இயல் எண்கள், பூஜ்யத்தையும் சேர்த்தால் முழு எண்கள், கழித்தல் எண்களையும் சேர்த்தால் முழுக்கள் என்று விளக்கினேன். பேசும்போதே, பள்ளிக்கூடம் நடத்துகிறேனோ என்று கூச்சமாக இருந்தது. நான் பதிந்த குறையை அவன் 'குறையில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டு, எழுந்து போகும்போது கேட்டான்: "பூஜ்ய வயசுல யார் தாதா ஆஸ்பத்திரிக்கு வரப்போறாங்க?"

வந்தாள்

சோதனை ஓட்டத்தின் முதல் நாளே, நான் நர்சிங் ஹோமில் இருக்கும்போதே வந்தாள். கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கும் முருகேசனின் பெண், அன்று காலையில் பிறந்தவள். கிருமித் தொற்று இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். கவுண்டரில் இருந்தவர் பூஜ்யம் போட்டுப் பார்த்தார். ஏற்கவில்லை. ஒன்று என்று போட்டார். எடையை இன்னும் யாரும் பதியவில்லை. மென்பொருள் ஒரு வயதுக் குழந்தையின் எடையை எடுத்துக்கொண்டு அளவு சொன்னது.

நர்ஸ் சுமிதாதி, அதாவது சுமிதா அக்கா, திரையைப் பார்த்து மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார். சோதனை முடியும்வரை டாக்டர் கையால் எழுதிய சீட்டுதான் செல்லும் என்பது ஏற்பாடு. அதையும் ஒருமுறை பார்த்தவரின் கை அப்படியே நின்றது. திரையில் இருந்தது மூன்று மடங்குக்கு மேல். அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். வாசலில் நின்ற முருகேசன் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நீங்களே முழிக்கிறீங்களே சார், என் பொண்ணுக்கு எதைப் போடப் போறீங்க?"

தொட்டில்

டாக்டரின் சீட்டில் இருந்ததைத்தான் போட்டார்கள். அன்றைக்கே அரிந்தம் பூஜ்யத்துக்கு வழி திறந்துவிட்டான். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, சாலையில் வலிப்பு வந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நரைத்த தலை, நினைவில்லை. பெயரும் வயதும் சொல்ல யாருமில்லை. எடையும் பார்க்கவில்லை, வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். எண் மட்டுமே இருக்கக்கூடிய இடத்தில் 'தெரியாது' என்பதை எங்கே வைப்பது? மென்பொருள் தானாகவே பூஜ்யத்தை வைத்துக்கொண்டது. முன்பு அந்தப் பூஜ்யத்தைத் தடுத்திருக்கும். இப்போது நான் சண்டை போட்டு வாங்கிக்கொடுத்த இடத்தில் அது சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. கட்டிலில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்த மனிதருக்குப் பச்சைக் குழந்தைக்கான துளி மருந்தைச் சொன்னது.

சுமிதாதி இந்த முறை சீட்டை மட்டும்தான் பார்த்தார். ஊசி போட்டு, இழுப்பு அடங்கும்வரை அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. பிறகுதான் திரையைப் பார்த்தார். "தாதா, உங்க கம்ப்யூட்டர் இவருக்குத் தொட்டில் ஒதுக்கியிருக்கு."

கையெழுத்து

துர்கா பூஜைக்கு முன் மென்பொருளை முழுமையாக ஓட விட வேண்டும், சோதனை முடிந்ததென்று கையெழுத்துப் போடுங்கள் என்றார் எங்கள் மேனேஜர். சீட்டு நின்றுவிடும், அப்புறம் திரை மட்டும்தான். மாட்டேன் என்றேன். பிறந்த குழந்தையும் வயது தெரியாதவரும் ஒரே எண்ணாக இருக்க முடியாது. ஒன்று நமக்குத் தெரிந்த பூஜ்யம், மற்றது தெரியாமை.

சொல்லிவிட்டேனே தவிர, நான் கவலைப்படுவது அந்தக் குழந்தைக்காகவா, என் கணக்கு சரியென்று நிலைநாட்டவா என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டாவதுதான் காரணமென்றால், அரிந்தமைவிட நான் எந்த விதத்தில் மேல்? மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"பூஜ்யத்தை ஆராய்ச்சி பண்ண உங்களுக்குச் சம்பளம் இல்லை, தாதா. நீங்க போடலைன்னா, போட வேற ஆள் இருக்கு."

அந்த வேற ஆள் அரிந்தம். அவனைக் கூப்பிட்டார்கள். வந்தான், நின்றபடியே திரையைப் பார்த்தான். "இதை எழுதினவன் நான். நானும் போட மாட்டேன்."

டிஸ்சார்ஜ்

ஒரு வாரம் தந்தார்கள். 'தெரியாது' என்பதற்குத் தனி இடம் வைத்தான் அரிந்தம். வயதோ எடையோ தெரியாவிட்டால் மருந்தின் அளவு வராது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன். மறுநாள் நர்சிங் ஹோமுக்குப் போனபோது முருகேசன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சத்தம் இனிமையாக இருந்தது. அவரோ டிஸ்சார்ஜ் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ன சார் இது, வயசு பூஜ்யம்னு போட்டிருக்கு? இந்தக் கத்துக் கத்துறா, ஆளே இல்லாத மாதிரி எழுதியிருக்கீங்க!"

பூஜ்யத்துக்கு முழு எண்களில் ஓர் இடம் வாங்கிக்கொடுப்பது வரைதான் என் வேலை. பெற்ற தகப்பனை அதை ஒப்புக்கொள்ள வைக்கும் மென்பொருளை இன்னும் யாரும் எழுதவில்லை.